மண்டி மொஹல்லாவின் கைராசி

மண்டி மொஹல்லாவில் மகேந்திரன் என்று ஒரு பைக் மெக்கானிக் இருக்கிறார், ஆயுத பூஜை அன்று அவர் கையால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் அந்த வண்டி வருஷம் முழுக்கச் சறுக்காது என்று மைசூரில் ஒரு பேச்சு. எனக்கு இதைச் சொன்னவர்கள் மூன்று பேர். ஒருவர் பால்காரர், ஒருவர் வக்கீல், மூன்றாமவர் என் பல் டாக்டர். டாக்டர் சொன்னபோது என் வாய் திறந்தபடி இருந்ததால் மறுத்துப் பேச வழியில்லை.

மூவரும் காட்டிய ஆதாரம் ஒன்றே: கொரோனா வருஷத்து மோட்டார் சைக்கிள் பந்தயம். ஆயுத பூஜை அன்று நடந்த சுற்று. முன்னால் போக வேண்டியவன் விழுந்தான், மகேந்திரன் பழம் வைத்து அனுப்பிய வண்டி நேராகப் போய்ச் சாம்பியன் ஆனது. இதற்குமேல் என்ன வேண்டும்?

வதந்தியைப் பரப்புவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. சரிபார்ப்பதுதான் புதுசு. இருந்தாலும் இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கையில் கிளம்பினேன்.

கடைக்குப் பலகை கிடையாது. அரிசி மண்டிக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் ஒரு ஷட்டர், அவ்வளவுதான். மகேந்திரனுக்கு நாற்பத்தாறு வயது. பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் அவர் வந்த வண்டியைப் பார்க்கும் ஆள். என் ஸ்கூட்டரைப் பார்த்து, "செயின் கவர் ஆடுதுங்" என்றார். என் ஸ்கூட்டருக்குச் செயின் கிடையாது. மனிதர் வேறு ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

"பழத்தைப் பத்தி எழுதலாம்னு வந்தேன்" என்றேன்.

"எந்தப் பழமுங்?"

உள்ளே டீ ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி மாதேவி சிரித்துவிட்டார். "எந்தப் பழமாம்! போன வருசம் பழம் வைக்கச் சொல்லி அந்தத் திருப்பம் வரைக்கும் வண்டி நின்னுதுங் சார். ஒரு ஆள் கேட்டரிங் வேனைக் கொண்டாந்துட்டான். இவரு என்னடான்னா அன்னைக்குக் காத்தால இருந்து வயித்து வலின்னு படுத்துக்கறாரு. வருசா வருசம் இதே வயித்து வலிதான். சாமி குடுத்த கைராசியைச் சாமியே கெஞ்சி வெளிய இழுத்து வர வேண்டியிருக்குதுங்."

"நீ சும்மா இருக்கறயா?" என்றார் மகேந்திரன்.

"கப்பைக் காட்டுங்க சார்கிட்ட."

அந்தப் பந்தயத்தில் மெக்கானிக்குக்குக் கொடுத்த கப் ஆயில் டின்களுக்குப் பின்னால் இருந்தது. ஒரு வெற்றிக் கோப்பையை அவ்வளவு சிரமப்பட்டு ஒளித்து வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை. நம் ஊரில் மூன்றாவது பரிசு வாங்கிய கோலப்போட்டித் தட்டையே வாசலுக்கு நேராகத்தான் வைப்பார்கள்.

மகேந்திரனின் அப்பா ஹனூர் பக்கம் மக்காச்சோளம் போட்டவர். மகன் டிராக்டரை ஓட்டியதைவிடப் பிரித்ததே அதிகம். இருபது வயதில் மைசூருக்கு வந்தார், பதினோரு வருஷம் ஒரு ஷோரூமில் வேலை செய்தார், பிறகு இந்த ஷட்டர். மாதேவியைக் கட்டியது கொள்ளேகாலில். மகள் மோகனப்ரியா கல்லூரியில் படிக்கிறாள், அப்பா தமிழில் திட்டினால் கன்னடத்தில் பதில் சொல்கிறாள். பந்தயம் இவர் வாழ்க்கையில் வந்தது தருண்குமார் வழியாக. தருண்குமார் பக்கத்து அரிசி மண்டிக்காரர் மகன், நல்ல பைக் ஓட்டக்காரன். அவன் பந்தயத்துக்குப் போகும்போது மெக்கானிக்காக இவரும் போனார். மற்ற நாட்களில் பால்காரர் வண்டிக்கு பிரேக் கட்டை மாற்றுகிறவர், பந்தய நாட்களில் நூற்று அறுபத்தைந்து சிசி எஞ்சினை மூச்சு விட வைத்தார்.

அந்த வருஷத் தொடரில் நான்கு சுற்றுகள். முதல் சுற்று ஏப்ரலில் என்றார்கள், ஊரடங்கு வந்தது. ஜூன் என்றார்கள், ஆகஸ்ட் என்றார்கள். கடைசியில் சென்னைக்கு வெளியே உள்ள தடத்தில், ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை என்று நிச்சயமானது. இ-பாஸ் எடுத்து, மூக்கில் குச்சி விட்டு, முடிவு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஓட்டக்காரர் ஒருவருக்கு மெக்கானிக் ஒருவர்தான். பார்வையாளர் மேடையில் ஒரு காக்காய்கூட இல்லை. திருப்பத்துக்கு நான்கு பேர் நின்று கொடி காட்ட வேண்டிய இடத்தில் ஒருவர் நின்றார்.

இதுவரை மகேந்திரன் ஒழுங்காகச் சொன்னார். பிறகு ஸ்பார்க் பிளக் ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது புதுப் பிளக்.

"நீங்க கைராசின்னு எழுதிப் போட்டீங்கன்னா நான் முடிஞ்சேனுங்" என்றார்.

"ஏன், கூட்டம் தாங்காதா?"

"கூட்டமில்லீங். சிவகுமார்."

மாதேவி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் சொன்னார். மனைவியிடமே ஐந்து வருஷமாகச் சொல்லாததை என்னிடம் சொன்னதற்குக் காரணம் நம்பிக்கை அல்ல. எழுதிவிடுவேனோ என்ற பயம்.

பந்தயத்துக்கு முந்தின நாளே வேலை முழுவதையும் முடித்துவிட்டு, ஞாயிறு காலையில் தன் ஸ்பேனர், கொறடு எல்லாவற்றையும் தடத்தில் அவர்களுக்கு ஒதுக்கிய கொட்டகையின் பின்பக்கம் வாழை இலையில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுப் பூஜை போட்டுவிட்டார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை எடுக்கக்கூடாது. அப்பா அன்று மண்வெட்டியைத் தொட்டதில்லை, இவரும் ஸ்பேனரைத் தொட்டதில்லை. பந்தய நாளில் மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "முந்தின நாளே சரியாப் பண்றவனுக்கு அன்னைக்கு என்னங் வேலை?" என்றார், அந்த ஒரு நிமிஷம் மட்டும் கொஞ்சம் கர்வத்தோடு.

பத்து மணிக்குத் தருண்குமார் வந்து, எஞ்சின் இறுக்கமாக இருக்கிறது, ஆயிலை மாற்றுங்கள் என்றான். எஞ்சின் அடியில் ஆயிலை வடிக்கிற போல்ட்டைக் கழற்ற வேண்டும். இவருடைய சாமான் எல்லாம் சாமியிடம்.

பக்கத்துக் கொட்டகையில் சிவகுமார். அவரும் மைசூர்தான், தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். அக்ரஹாரத்துச் சுதர்ஷனுக்கு மெக்கானிக். அந்த வருஷம் சுதர்ஷன்தான் ஜெயிப்பான் என்பதில் சுதர்ஷனின் எதிரிகளுக்கே சந்தேகமில்லை.

"உன் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் கொஞ்சம் குடுப்பா."

"ஏன் குரு, உன்னது எங்க?"

"பூஜையில இருக்குது."

"நான் சாமியை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். அட்ஜஸ்ட் மாடிக்கோங்க ஸ்வாமி, கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னா கேட்டுக்கும்." ஸ்பேனரைக் கொடுத்தார். "பந்தயம் முடிஞ்சதும் கொடு, மறந்துடாதே."

தன் ஆயுதத்தை எடுத்தால்தான் குற்றம், அடுத்தவர் ஆயுதத்துக்கு இன்னும் பூஜை ஆகவில்லை என்பது மகேந்திரனின் கணக்கு. போல்ட்டை இறுக்கும்போது எப்போதும் தன் அளவுகோல் ஸ்பேனரை வைத்து, இவ்வளவு இறுக்கம் என்று பார்த்து இறுக்குவார். அது வாழை இலையில் இருந்தது. கைக்கணக்கில் இறுக்கினார். போல்ட் தானாகக் கழலாமல் இருக்க ஒரு கம்பியை முறுக்கிக் கட்டுவது பந்தய விதி. அதற்கான கொறடும் வாழை இலையில். மறுபடி போய்க் கேட்கக் கூச்சம். விரலால் முறுக்கினார். பிறகு அந்த வண்டியின் முன்சக்கரத்துக்கு அடியில், ஊரெல்லாம் இன்று பேசுகிற அந்த எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

பந்தயம் முடியத் தடத்தை இன்னும் இரண்டு முறை வலம் வர வேண்டியிருந்தபோது தருண்குமார் முன்னால், சுதர்ஷன் ஒட்டினாற்போல் பின்னால். கடைசி நேர்பாதையில் சுதர்ஷன் முந்திவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். நான்காவது திருப்பத்தில் சுதர்ஷனின் வண்டி சறுக்கியது. அவன் கழுத்தெலும்பு முறிந்தது. வண்டி எஞ்சின் உடைந்து தடமெல்லாம் எண்ணெய்.

தருண்குமார் ஜெயித்து வந்து வண்டியை மகேந்திரன் கையில் கொடுத்துவிட்டுக் குதிக்கப் போய்விட்டான். மகேந்திரன் குனிந்து பார்த்தார். கம்பி அவிழ்ந்து தொங்கியது. போல்ட்டைச் சுற்றிப் பளபளவென்று எண்ணெய், இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப என்ன பண்ணினீங்க?"

"தொடைச்சேனுங்."

பிளக்கைக் கீழே வைத்தார். "துணிய எடுத்துத் தொடைச்சேன். போல்ட்டைக் கையிலயே திருகி விட்டேன். அப்பறம் ஆபீசருங்க வந்தாங்க. எல்லாரும் ஆறடி தள்ளித்தான் நின்னாங்க, மாஸ்க் வேற. எண்ணெய் வாடை அடிச்சிருந்தாக்கூட யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங். எஞ்சின் சீலைப் பாத்தாங்க, எடையைப் பாத்தாங்க, போயிட்டாங்க."

விழுந்த வண்டி எண்ணெயைக் கொட்டியதா, கொட்டியிருந்த எண்ணெயில் வண்டி விழுந்ததா என்று சொல்ல நான்காவது திருப்பத்தில் இருந்த ஒரே ஆள், அடிபட்டவனைத் தூக்க ஓடிவிட்டார். அதனால் சுதர்ஷன் வண்டியின் போல்ட்தான் கழன்றிருக்க வேண்டும் என்று முடிவானது. சிவகுமாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: பந்தயத்துக்கு முன்னால் போல்ட்டை மறுபடி சரிபார்த்தாயா? இல்லை என்றார் சிவகுமார். ஏன் இல்லை என்று கேட்டதற்கு, ஸ்பேனர் கையில் இல்லை என்றார். யாரிடம் இருந்தது என்று அவர் சொல்லவில்லை. அதைப் பத்தடி தூரத்தில் நின்று மகேந்திரன் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்பேனர் அப்போது இவருடைய பேன்ட் பையில் இருந்தது.

நோய் மறுபடி பரவும் என்று மீதி மூன்று சுற்றுகளை ரத்து செய்தார்கள். ஓடிய ஒரே சுற்றை வைத்துச் சாம்பியன் பட்டம் கொடுத்தார்கள். சுதர்ஷன் பந்தயத்தை விட்டுப் பெங்களூரில் வேலைக்குப் போனான். சிவகுமாரை அணி விலக்கியது, போல்ட்டை மறந்த மெக்கானிக் என்று பெயர் வந்தபின் வேறு அணியும் எடுக்கவில்லை. இப்போது தேவராஜ மார்க்கெட்டில் லக்கேஜ் ஆட்டோவில் பூ மூட்டை ஏற்றுகிறார்.

"அவங்கிட்ட சொல்லணுமுங். சொன்னப்பறம் நீங்க எழுதுங்க. இந்தப் பூஜைக்குள்ள சொல்லிப்போடறேன்."

நானும் சரி என்றேன்.

ஆயுத பூஜை அன்று போனேன். மாதேவி சொன்னது போலவே திருப்பம்வரை வண்டிகள். மகேந்திரன் வயிற்று வலியிலிருந்து எழுப்பப்பட்டு, புது வேட்டியில், பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பழமாகச் சக்கரத்தடியில் வைத்தார், தூக்கில் தொங்கப் போகிறவன் தன் கயிற்றுக்கே முடிச்சுப் போட்டுக் காட்டுவது போன்ற முகத்தோடு. சனங்கள் அதை பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். கடைக்குள் ஆயுதங்கள் வாழை இலையில் வரிசையாக இருந்தன. அந்த வரிசையின் கோடியில், மற்றவற்றோடு சேராத பழைய ஸ்பேனர் ஒன்று. அதற்கும் குங்குமம்.

பதினோரு மணிக்கு வரிசையில் ஒரு லக்கேஜ் ஆட்டோ முன்னால் வந்தது. முகப்பில் ஒரு முழம் அதிகமாகவே சேவந்திப் பூ. ஓட்டியவர் இறங்கினார்.

"என்ன குரு, அடையாளம் தெரியலையா?" என்றார். "நாலு தடவை சறுக்கிட்டேன் இந்த மழையில. என் சம்சாரம் பாக்கியலட்சுமி சொல்றா, மகேந்திரண்ணன் உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே, போய்ப் பழம் வச்சுட்டு வாங்கன்னு. வெட்கத்தை விட்டு வந்துட்டேன்."

மகேந்திரன் எழுந்தார். கையிலிருந்த பழம் உருண்டு பாத்திரக் கடைப் பக்கம் போனது.

"சிவா, அன்னைக்கு..."

"பிடு குரு, விட்டுடு, பழைய கதை."

"இல்ல சிவா, அந்தப் போல்ட்டு..."

"அது என் தப்பு. ஒரு தடவை கையால தொட்டுப் பார்த்திருக்கலாம். ஸ்பேனர் இல்லாட்டி என்ன, விரல் இல்லையா எனக்கு? ஒரு பையனோட எலும்பை உடைச்சுட்டேன். தினம் ஒருதரம் அதை நினைச்சுக்கிறேன்." மேலே பேச விடாமல் சிரித்தார். "நல்ல நாள் அதுவுமா அதை எடுக்காதே. பழத்தை வை."

பின்னால் கேட்டரிங் வேன் ஹார்ன் அடித்தது. மகேந்திரன் என்னைப் பார்த்தார், நான் பாத்திரக் கடையைப் பார்த்தேன். அவர் பழக்கூடையை ஓரமாக நகர்த்தினார். பிறகு கடைக்குள் திரும்பி, "உன் ஸ்பேனர்... உள்ள இருக்குது. எடுத்துட்டு வரேன்" என்றார்.

சிவகுமார் எட்டிப் பார்த்தார். வாழை இலை, வரிசை, குங்குமம்.

"ஏய், பூஜையில வச்சிருக்கியே! இன்னைக்கு எடுக்கலாமா? நீயா இப்படிச் சொல்றது? நான்தான் அன்னைக்கு சாமியை நாளைக்கு வரச் சொன்னேன், அதோட பலனைப் பார்த்தாச்சு. இருக்கட்டும். நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

மகேந்திரன் குனிந்து முன்சக்கரத்தடியில் பழம் வைத்தார். வைக்க வெகுநேரம் ஆனது. சிவகுமார் வண்டியை எடுத்தார், பழம் நசுங்கியது, கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். இப்போது என் ஸ்கூட்டரைக்கூட மகேந்திரன் பார்க்கவில்லை.

"சொல்லிட்டீங்களா?"

"அவன் வரலீங்."

"நீங்க போகலாமே?"

மகேந்திரன் திரும்பி ஆயில் டின்களை வரிசைப்படுத்தினார். பிறகு, "நீங்க எழுதிப்போடுங்" என்றார்.

"அவர் படிச்சா?"

"சிவாவுக்குக் கன்னடம்தானுங் படிக்கத் தெரியும். தமிழ் பேசுவான், ஒரு எழுத்துத் தெரியாது." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது சிவந்ததைப் பார்த்தேன்.

எழுதிவிட்டேன். ஸ்பேனர் அந்த ஷட்டருக்குள் ஆணியில் தொங்குகிறது, குங்குமம் இன்னும் அழியவில்லை. மண்டி மொஹல்லாவிலிருந்து தேவராஜ மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம்.