பாலக்காவலர் ஹில்கேயின் சாப்பாட்டு நேரம்

ஹில்கேயைப் பற்றிச் சொல்வதென்றால் அவனுடைய மதியச் சாப்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் ஊர்க் கால்வாயின் தூக்குப் பாலத்துக்கு அவன் முப்பத்தெட்டு வருடம் காவலர். படகு வந்தால் பாலத்தைத் தூக்குவான், போனதும் இறக்குவான். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை மட்டும் யார் வந்தாலும் தூக்கமாட்டான். ஒருமுறை மாகாணத்துப் பெரிய அதிகாரி ஒருவர் விருந்தாளிகளோடு படகில் வந்து விடாமல் ஹார்ன் அடித்தார். ஹில்கே ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்க, கிராம்பு போட்ட பாலாடைக்கட்டியும் ரொட்டியும் நிதானமாக மென்று தின்றான். ஒரு மணிக்குப் பாலத்தைத் தூக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றி வணக்கம் வேறு வைத்தான்.

நான் ஃபைகே, பக்கத்து வீட்டுக்காரன், ஓய்வுபெற்ற தபால்காரன். நாற்பது வருடம் ஒட்டிய உறைகளைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்த ஏக்கத்தை இப்போது வாயால் தீர்த்துக்கொள்கிறேன் என்பான் ஹில்கே. என்னிடம் சொன்ன ரகசியம் மதியத்துக்குள் ரொட்டிக்கடைக்குப் போய்விடுமாம். அநியாயப் பழி. சில நாள் சாயங்காலம்கூட ஆகும்.

எழுபத்து நான்காம் வயதில் அவனுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. எலும்புக்கும் பரவியது. கருணைக்கொலைச் சட்டம் எங்கள் நாட்டில் அமலுக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஹில்கே எங்கள் டாக்டரம்மா ஹூக்ஸ்ட்ராவிடம் கேட்டான். அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. திரும்பத் திரும்ப வந்து பேசினார். வெளியூரிலிருந்து இரண்டாவது டாக்டர் ஒருவர் வந்து, என்னை வெளியே அனுப்பிவிட்டு, தனியாகப் பேசிப் பார்த்தார். கடைசியில் இருவரும் சரி என்றார்கள்.

சரி என்று சொல்லாதவள் அக்கா சீட்ஸ்கே ஒருத்திதான். கல்யாணமே செய்துகொள்ளாத ஹில்கேக்கு இருந்த ஒரே உறவு அவள். எழுபத்தெட்டு வயதிலும் ஞாயிறுதோறும் இரண்டு வேளை தேவாலயம், அதுவும் நடந்து. ஆண்டவரின் ஓய்வுநாள் என்று அன்றைக்கு சைக்கிளைத் தொடமாட்டாள்.

"உசுரு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தாடா?" என்றாள் ஒருநாள், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"இல்லக்கா. ஆனா எழுபத்து நாலு வருஷமா அதுல குடியிருக்கறவன் நான்தானே. கூரை ஒழுகறது எனக்குத்தானே தெரியும்."

"வீட்டுக்காரர் சொல்றப்பதான்டா காலி பண்ணணும்."

"அவரு எட்டிக்கூடப் பாக்கமாட்டேங்கறாரே!"

"வாயக் கழுவு!" என்று கத்தியவள், சட்டென்று குரலை இறக்கிக்கொண்டாள். "நீ ஒருத்தன் போறேன்னா அது ஒன்னோட போச்சு. சட்டம்னு வந்துட்டா, நாளைக்குப் படுக்கையில கெடக்கற ஒவ்வொரு கெழமும் 'நாம இன்னும் இருக்கறது இவங்களுக்குத் தொந்தரவோ'ன்னு யோசிக்கும்டா. யாரும் வாயத் தொறந்து சொல்ல வேண்டாம். காபி கொண்டாந்து வைக்கற சத்தத்துலயே புரிஞ்சிடும்."

ஹில்கே போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"நீ சொல்றது நெசந்தான்க்கா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. எங்கிட்ட இருக்கறது வலி மட்டுந்தான்."

"நான் வரமாட்டேன். அந்த நேரத்துல வந்து பக்கத்துல ஒக்காந்தா நானும் கையெழுத்துப் போட்ட மாதிரி. தேதிய மட்டும் எங்கிட்ட சொல்லித் தொலைக்காத."

அதன் பிறகு மூன்று வாரம் அவள் தலைகாட்டவே இல்லை. முன்னறையில் ஜன்னலை ஒட்டித்தான் அவன் கட்டில். வெளியே எந்த சைக்கிள் போனாலும் தலையைத் திருப்புவான். "வலிக்குக்கூட மருந்து இருக்குடா ஃபைகே" என்றான். "அவளப் பாக்காமலே போயிருவேனோன்னுதான் இருக்கு." தேதி எப்போது என்று கேட்டேன். "வசந்தமெல்லாம் முடியட்டும், பாக்கலாம்" என்றான். என்னிடம் சொன்னால் அக்காவுக்குச் சொன்ன மாதிரிதான் என்று அவனுக்குத் தெரியாதா!

பிறந்தநாள் காலண்டர் எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் கழிப்பறையில்தான் தொங்கும். தினமும் நிதானமாக உட்காரும் இடம் அதுதானே. அதில் வருடம் இருக்காது, தேதியும் பெயரும் மட்டும். மார்ச் மாதம் ஒரு காலை அவனுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டிவிட்டு அங்கே போனேன். பதினாலாம் தேதிக்கு நேராகக் கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'டாக்டரம்மா, பதினொன்றே முக்கால்.'

அடப்பாவி, டாக்டரம்மாவுக்குப் பிறந்தநாளா! கழிப்பறைவரை சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவன் ரகசியமாக விருந்து வைக்கப் பார்க்கிறானே! என் மூளை அதற்குமேல் ஓடவில்லை. கால்கள்தான் ஓடின, நேராக சீட்ஸ்கே வீட்டுக்கு.

அவள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு யோசித்தாள். அவள் புருஷனின் கடைசி நாலு மாதம் டாக்டரம்மா ஒருநாள் தவறாமல் வந்துபோனவர்.

"டாக்டரம்மாவுக்காக வர்றேன்" என்றாள். "அவனுக்காக இல்ல. சொல்லிடு."

"சொல்லமாட்டேன், ரகசியம்" என்றேன். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன்.

பதினாலாம் தேதி காலையில், எங்கள் ஊர்ப் பிறந்தநாள் வழக்கப்படி, அவன் கட்டிலைச் சுற்றி நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். ஹில்கே சுத்தமாகச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். விருந்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். "என்னடா கூத்து இது?" என்றான். "பேசாம இரு" என்றேன்.

பதினொன்றரைக்கு வெளியே சைக்கிள் சங்கிலி கிறீச்சிட்டது. சீட்ஸ்கே கையில் கேக்கோடு உள்ளே வந்தாள். எங்கள் பக்கத்து ஆரஞ்சுக் கேக், மேலே இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சும் கிரீமும்.

"வந்துட்டியாக்கா" என்றான் ஹில்கே. கண் நிறைந்துவிட்டது.

"ஒனக்காக வரல" என்றாள். அக்காவின் பேச்சே அப்படித்தான் என்று அவன் பெருமூச்சு விட்டுச் சிரித்தான்.

சரியாகப் பதினொன்றே முக்காலுக்கு டாக்டரம்மா கைப்பையோடு நுழைந்தார். நான் துள்ளி எழுந்து, "பிறந்தநாள் வாழ்த்துக்கள்!" என்று கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தேன். சீட்ஸ்கே கை குலுக்கினாள். அப்புறம் முறைப்படி, வந்தவர்களும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்ல வேண்டுமே, வேண்டாவெறுப்பாகத் தம்பியிடம் கையை நீட்டினாள்.

"ஒன்னோட டாக்டருக்குப் பிறந்தநாள். வாழ்த்துக்கள்."

டாக்டரம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "எனக்கு செப்டம்பர்லதானே பிறந்தநாள்?"

"கழிப்பறையில எழுதியிருக்கே!" என்றேன் நான்.

ஹில்கேக்குத்தான் முதலில் புரிந்தது. சிரித்தான். இருமல் வந்து மூச்சு முட்டுகிற அளவுக்குச் சிரித்தான். டாக்டரம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். சீட்ஸ்கே அந்தக் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்தபோதுதான் எனக்கும் உறைத்தது. அந்த நிமிடம் தரை பிளந்திருந்தால் குதித்திருப்பேன்.

அவள் கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தாள்.

"ஹில்கே" என்றார் டாக்டரம்மா. "இன்னிக்கு வேண்டாம்னா வேண்டாம். எந்த நிமிஷம் வேணாலும் சொல்லலாம்."

அப்போது தேவாலயத்தில் மணி பன்னிரண்டு அடித்தது.

"வேணும் டாக்டரம்மா" என்றான் ஹில்கே. "ஆனா இப்ப பன்னெண்டு மணி. ஒண்ணு வரைக்கும் இங்க எதுவும் தொறக்காது. சாப்பாட்டு நேரம்."

ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக சீட்ஸ்கே நின்றாள். பிறகு கோட்டை உருவி நாற்காலியில் எறிந்தாள்.

"கத்தி எங்கடா வச்சிருக்க? சாப்பாட்டு நேரம்னா எதாவது சாப்பிடணுமில்ல?"

கேக் வெட்டினாள். கேக்கின் மேலிருந்த கிரீமை மட்டும் அவனுக்குச் சின்னக் கரண்டியில் ஊட்டினாள். எட்டு வயதில் அவன் கால்வாயில் விழுந்ததையும், இவள் சடையைப் பிடித்துக்கொண்டு கரையேறியதையும் சொன்னார்கள். யார் யாரை இழுத்தது என்று அதற்கும் ஒரு சண்டை. டாக்டரம்மா இரண்டு துண்டு சாப்பிட்டார், பிறந்தநாள்காரர் ஆயிற்றே. அந்த ஒரு மணி நேரம் போல இன்னொன்று என் வாழ்நாளில் வரப்போவதில்லை.

ஒரு மணி அடித்தது. டாக்டரம்மா கடைசியாக ஒருமுறை கேட்டார். ஹில்கே ஆமாம் என்றான். சீட்ஸ்கே எழுந்து போகவில்லை. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இதுல சம்மதம் இல்லடா."

"தெரியும்க்கா."

"சொல்லிட்டேன்."

"சரிக்கா. கைய மட்டும் விட்டுடாத."

அவள் விடவில்லை. எல்லாம் முடிந்து வெகுநேரம் கழித்து டாக்டரம்மாதான் மெல்ல விரல்களைப் பிரித்தெடுத்தார்.

அந்தக் காலண்டர் இப்போது சீட்ஸ்கே வீட்டுக் கழிப்பறையில் தொங்குகிறது. வருடம் இல்லாத காலண்டர் என்பதால் ஒவ்வொரு மார்ச் பதினாலும் திரும்ப வந்துவிடுகிறது. அன்றைக்கு அவள் ஆரஞ்சுக் கேக் செய்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போவாள். நானும் பின்னாலேயே போவேன். டாக்டரம்மா கதவைத் திறந்ததும் சீட்ஸ்கே அவர் கையைக் குலுக்குவாள். ஒவ்வொரு வருடமும் ஒரே பேச்சுத்தான்.

"பிறந்தநாள் வாழ்த்துக்கள், டாக்டரம்மா. எனக்கு இன்னும் சம்மதம் இல்ல."

"தெரியும்" என்பார் டாக்டரம்மா. "உள்ள வாங்க, மணி பன்னெண்டாகப் போகுது."