மருந்தடித்து வருகிறவனுக்கு வாசலில் தண்ணீர்

சேரம்பாடி ரோட்டில் எங்கள் லைன் வீடுகளுக்கு எதிரே ஒரு வளைவு உண்டு. சனி, ஞாயிறு ஆனால் அங்கே கார்களை நிறுத்திவிட்டு ஆட்கள் இறங்குகிறார்கள். தேயிலை மலையைப் பார்த்து நெஞ்சு விரிய மூச்சு இழுத்துவிட்டு, என்ன காற்று என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நல்ல காற்றுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மருந்தடிக்கிற நாளில் அதே காற்றுக்கு நாங்கள் கதவைச் சாத்தி, கீழ்ச்சந்தில் ஈரச்சாக்கைத் திணித்து வைக்கிறோம். கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்டதில்லை.

சிலோன் கரையில் இருக்கிற நம் சனங்களுக்கும், என்னைப்போல் கப்பலேறி வந்து இந்த மலையில் குடியிருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் படித்தவள் இல்லை. எழுத்துக்கூட்டி எழுதுவேன், நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

என் மகன் ராசு, சின்னத் தோட்டக்காரர்களுக்கு மருந்தடிக்கப் போகிறவன். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு புல்லுக்கும் அடிப்பான், பூச்சிக்கும் அடிப்பான். மருமகள் கோமதி மேட்டுப்பாளையத்துப் பெண். மலைக்கு வாழ வந்த பிறகு அவளுக்கு மூச்சிளைப்பு வந்தது. இப்போது வயிற்றில் பிள்ளை. ராசுவின் சட்டையைத் துவைக்க எடுத்து உதறினால் போதும், இருமல் பிடித்துக்கொள்ளும். பிறகு இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

"மருந்து வாசம், அடுப்புப் புகை எதுவும் ஆகாதும்மா. வயித்துல இருக்குற பிள்ளைக்கும் மூச்சு இவங்கதான். கொஞ்ச நாள் நல்ல காத்து உள்ள எடத்துல இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

"நீலகிரியிலதானுங்க இருக்கறோம்" என்றாள் கோமதி.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

சிலோனில் என் அப்பாவும் மருந்தடித்தவர்தான். வந்த கையோடு ரொட்டியை எடுத்துத் தின்பார். மருந்து வந்த டின்னைக் கழுவி அரிசி போட்டு வைப்போம். லயம் என்று சொல்கிற அந்த லைனில் எல்லார் காம்பரா அறையிலும் அப்படித்தான். ஆனால் இழவு வீட்டுக்குப் போய் வந்தால் அதே அப்பா வாசலுக்கு வெளியே நிற்பார். நிலையைக்கூடத் தொடமாட்டார். உடுத்திய துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றி, துணியை வெளியே போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். விஷத்துக்குப் பயப்படாத மனிதர், சாவுக்குப் பயப்பட்டார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காததால் யாரும் மீறியதும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். மருந்து கெடுதல் என்று ராசுவிடம் சொன்னால், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பான். முறை என்று சொன்னால் நிற்பான். இனிமேல் மருந்தடித்து வந்தால் இழவு வீட்டுக்குப் போய் வந்த மாதிரி வாசலிலேயே குளிக்க வேண்டும், துணியையும் நீயே அலச வேண்டும் என்றேன். முணுமுணுத்தான், நின்றான்.

முதல் நாள் அவன் துணியோடு தலையில் ஊற்றிக்கொண்டதைப் பக்கத்து வீட்டு லீலா பார்த்துவிட்டாள். மலையாளத்துக்காரி, நல்லவள். கொஞ்ச நேரத்தில் ஒரு தூக்குச்சட்டியில் கட்டன்காப்பி போட்டுக்கொண்டு வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஆரு மரிச்சது அம்மே?"

"யாரும் சாகல."

"சிலோன்ல இருக்குற தங்கச்சியா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. இது மருந்துக்குக் குளிக்கிறது."

அவள் நம்பவில்லை. பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு பேர் துக்கம் கேட்க வந்து, வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். காப்பியைக் குடித்தோம், வீணாக்கவில்லை.

அடுத்த முறை சாரல். ராசு மருந்து வாசத்தோடு வந்தவன் வாளியைப் பார்க்காமல் நேரே கதவுக்கு வந்தான்.

"இன்னைக்கு வேணாம்மா. டீக்கடையில, காரியம் என்னைக்குன்னு கேக்குறானுங்க."

"கேக்கட்டும். நீ நில்லு."

"குளிருது."

"வெந்நிதான் வச்சிருக்கேன்."

"தொரை சட்டத்தை விட உன் சட்டம் பெருசா இருக்கே."

உள்ளே இருந்து கோமதி, "உடுங்க அத்தை. அவங்களுக்குக் காச்ச வந்துரப்போகுது" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு இரண்டு தடவை அறுந்தது.

நான் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போக வேண்டுமானால் பெற்றவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பழக்கம் எங்களில் கிடையாது. அவன் சாரலில் நின்றான், நான் உட்கார்ந்திருந்தேன். அவசரம் எனக்கு இல்லை. கடைசியில் அவனே போய் வாளியைத் தூக்கினான்.

லீலா அவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் புருஷன் பாஸ்கரனும் மருந்தடிக்கிறவன்தான். அந்த வாரமே அவள் வீட்டு வாசலிலும் ஒரு வாளி வந்தது.

"நான் ஆரோட சாவுக்குப் போயிட்டு வந்தேன்டீ?" என்று பாஸ்கரன் கத்தியது லைன் முழுக்கக் கேட்டது.

"இதுவரைக்கும் இல்லா. குளிச்சிட்டு உள்ள கேறு" என்றாள் லீலா.

இப்போது இன்னும் சில வீடுகளில் வாளி வைக்கிறார்கள். அதற்கு 'சிலோன் குளியல்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சிலோனில் இதற்காக ஒருத்தரும் குளித்ததில்லை என்று நான் திருத்தப் போகவில்லை. கோமதிக்கு இளைப்பு போயே போய்விட்டது என்று எழுதமாட்டேன். காற்றில் வருவதை வாளித் தண்ணீர் தடுக்காது. ஆனால் துணியால் வந்த இருமல் இப்போது இல்லை. இரவில் படுத்துத் தூங்குகிறாள்.

சிலோனில் அட்டன் பக்கத்தில் இருக்கிற என் தங்கை போனில் பேசும்போது இதைச் சொன்னேன். அவள் மகனும் அங்கே அதே வேலைதான் பார்க்கிறான்.

"அது என்னக்கா, இந்தியா முறையா?" என்று கேட்டாள்.

செய்து பார் என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் கூப்பிட்டவள், மகன் மருந்தடித்துவிட்டு வந்து பீலியடியில் நிற்கிறான், கேள் என்று போனை அந்தப் பக்கம் நீட்டினாள். மலையிலிருந்து பீலிக் குழாயில் வருகிற தண்ணீர் கல்லில் விழுகிற சத்தம், நான் பிறந்த லயத்தில் கேட்ட அதே சத்தம். அந்நேரம் இங்கே ராசுவும் வந்து வாளியில் கையை விட்டான். நான் போனைக் காதில் வைத்தபடி வாசலில் நின்றேன். ஒரு காதில் அந்தத் தண்ணீர், மறு காதில் இந்தத் தண்ணீர். கதவைத் திறக்கலாமா அத்தை என்று உள்ளே இருந்து கோமதி கேட்டாள்.

"இரு, ரெண்டு பேரும் குளிச்சு முடிக்கட்டும்" என்றேன்.