காமாட்சி அக்காவின் கட்டைவிரல்

தண்ணீர் தெளித்த துணிமேல் கரி போட்ட இஸ்திரிப்பெட்டி இறங்கும்போது ‘ஸ்ஸ்...’ என்று ஆவி கிளம்பும் பாருங்கள். கஞ்சியும் கொட்டாங்கச்சிக் கரியும் கலந்த அந்த வாசனை...

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனைக்கு அதுதான் விலாசம்.

போன வாரம் எங்கள் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் பழைய கடைகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தோம். மாவு மில், கேசட் கடை, ஒரே ஒரு நாற்காலி போட்ட சலூன். “இஸ்திரி வண்டி காமாட்சி அக்காவ விட்டுட்டீங்களே” என்று அருள் போட்டான். அவ்வளவுதான், குரூப்பே அக்கா பக்கம் சாய்ந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. நாற்பது வீட்டுத் துணி அந்த ஒரே வண்டியில் குவியும். சீட்டு கிடையாது, மையால் குறி கிடையாது. அதில் பாதி ஒரே ஸ்கூலின் வெள்ளைச் சட்டை. ஒன்றுகூட வீடு மாறிப் போனதில்லை! எப்படி என்று அன்றைக்கே எங்களுக்குள் பெரிய ஆராய்ச்சி நடக்கும். அருளின் அப்பா பம்மலில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், அதனால் அவன் வீட்டுத் துணியை மோந்து பார்த்தே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. அருளுக்கு அதில் ஏகக் கோபம்.

இனி நான் முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத கதை.

ஏழாம் வகுப்பு. ஸ்கூல் திறந்த முதல் வாரம். எனக்கும் அருளுக்கும் ஒரே கடையில், ஒரே சைஸில் புதுச் சட்டை. இரண்டும் முதல் துவையல். பக்கத்து வீடு என்பதால் இரண்டு மூட்டையையும் நானே கொண்டுபோனேன். நடந்து போ என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னார். கேட்டேனா? சைக்கிளில் மாட்டிக்கொண்டு பறந்தேன். மூட்டையிலிருந்து என் சட்டையின் கீழ்ப்பகுதி தொங்கி, செயினில் சிக்கி... கறுப்பு கிரீஸ். உள்ளங்கை அகலத்துக்கு.

அந்த வருஷத்துக்கே அந்த ஒரு சட்டைதான். அம்மாவின் முகம் கண்ணில் வந்தது. ரேஷன் கடைச் சுவருக்குப் பின்னால் போய் இரண்டு மூட்டையையும் அவிழ்த்தேன். என் சட்டையை அருளின் மூட்டையில் வைத்து, அவனுடையதை எடுத்துக்கொண்டேன்.

ஆமாம், என் உயிர் நண்பனின் சட்டையை.

சாயங்காலம் மூட்டை வந்தது. பிரித்தால், என் சட்டையே எனக்கு வந்திருக்கிறது. கிரீஸைக் காணோம். உற்றுப் பார்த்தால் மட்டும் லேசாக ஒரு சாம்பல் நிழல், அதுவும் டவுசருக்குள் போகிற இடத்தில். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, அலசி, உலர்த்தி, இஸ்திரியும் போட்டிருக்கிறார் அக்கா.

ஆனால் மண்ணெண்ணெய் வாசனை போகவில்லை. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நேராக வண்டிக்குப் போய், புதுச் சட்டையை இப்படியா பண்ணுவது என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“ஸ்டவ்வு பத்த வெச்ச கையோட தொட்டுட்டேம்மா. என் தப்புதான்.”

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

அருள் அவர் பேரைப் போட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரப்பாக்கத்திலிருந்து கிளம்பிவிட்டேன். வெறுங்கையோடு போய் என்ன பேசுவது? சாக்குக்கு இரண்டு சட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வண்டி அதே இடத்தில்தான். கரிப்பெட்டி போய் கேஸ் பெட்டி வந்திருக்கிறது. தேய்ப்பது மருமகள். அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து துணி பிரித்துக் கொடுக்கிறார். கண்ணில் புரை, ஆள் அடையாளம் தெரிவதில்லையாம். என்னைப் பார்த்து “குடு சார்” என்றார்.

முதல் சட்டையை மடியில் போட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு பட்டனாகத் தடவிக்கொண்டே போனார். இரண்டாவது சட்டையில் விரல் நின்றுவிட்டது. திரும்பவும் மேலிருந்து தடவினார்.

“இது சரசும்மா வூட்டு சட்டை மாதிரி கீதே...”

சரஸ்வதி என் அம்மா. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

“அவங்க பையன்தான்க்கா. எப்படித் தெரிஞ்சுது?” என்றேன். அக்கா சொன்னார்: “புதுசு வாங்குனா ஒங்கம்மா கடைக்காரன் தெச்ச பட்டன நம்பாது. எல்லாத்தையும் பிரிச்சி திரும்பத் தெக்கும். பட்டன் கழுத்துல நூல சுத்து சுத்துனு சுத்தி முடிச்சி போட்டுடும். பொட்டி அதுல இடிக்கும், அதான் வெரலுக்குத் தெரியும்.”

மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கிய சட்டை அது. துவைத்துத் தருகிறேன் என்று அம்மா வாங்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. பட்டனைத் தைத்தது எனக்குத் தெரியாது. நான் அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய் வந்திருக்கிறேன், எத்தனையோ முறை அந்தப் பட்டன்களை விரலால் மாட்டிக் கழற்றியிருக்கிறேன்.

பிறகு கிரீஸ் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அக்கா யோசித்துப் பார்த்தார்.

“அதெல்லாம் எனக்கு நெனப்பு இல்ல தம்பி. ஒங்கம்மா பட்டன்தான் நெனப்பு கீது.”

இப்போது எங்கள் அபார்ட்மென்டில் இஸ்திரித் துணியை மொபைல் ஆப்பில்தான் போடுகிறோம். காலரில் பார்கோடு குத்தி, பிளாட் நம்பரோடு வருகிறது. போன மாதம் யாருடைய டீ-ஷர்ட்டோ எனக்கு வந்தது. என்னுடையது யாரிடம் இருக்கிறதோ!

அக்காவைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலையே குரூப்பில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், சட்டை மாற்றியது உட்பட. அருள் திட்டுவான் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் ‘டைப்பிங்...’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. அவன் அம்மா நாங்கள் பிளஸ் டூ படிக்கும்போதே போய்விட்டார்.

கடைசியில் ஒரே வரி.

“டேய்... எங்கம்மா எப்படி தெப்பாங்கன்னு அக்காகிட்ட கேட்டியா?”

கேட்கவில்லை. வருகிற ஞாயிறு இரண்டு பேரும் போகிறோம்.