வதனியும் லோகார்னோச் சர்பத்தும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் கையெழுத்தைக் கோழி கிளறியதுபோல என்று சொன்னால் கோழிக்குத்தான் அவமானம். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். மிச்சத்தை நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வைத்ததும் அவள்தான். நேற்று கம்பி மூடி போட்ட எலுமிச்சைச் சோடாப் போத்தல் ஒன்று வாங்கி வந்து, குசினியில் நின்று பெருவிரலால் கம்பியைத் தள்ளினாள். 'டொப்' என்று சத்தம். எலுமிச்சைத் தோல் மணம். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த என் மனைவி வதனி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அப்பாவிட்டைக் கேள், அதுக்குள்ள என்ன ஊத்தினால் சர்பத் ஆகும் எண்டு."

இந்த வயதிலும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

அப்போது நான் சுவிஸ் மலைநாடான எங்கடினில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கலியாணம் பேசியபோது நான் ஊருக்கு அனுப்பிய படத்தில் ஏரி நீலமாக இருந்தது. வதனி மார்கழியில் வந்து இறங்கியபோது அது உறைந்து கிடந்தது. ஆட்கள் அதன்மேல் நாயோடு உலாப் போனார்கள். நான் விடியப் போனால் இருட்டித்தான் வருவேன். வந்தாலும் கதைக்கத் தெரியாது. எனக்குக் கோப்பைகளோடுதான் பழக்கம். எதைக் கேட்டாலும் 'ஓம்' என்பேன், அதற்கு மேல் வாய் வராது. அவள் தன் சிவப்புப் பெட்டியை முழுதாகப் பிரிக்கவேயில்லை. வாசலோடு வைத்திருந்தாள்.

ஒருநாள் கோபமே இல்லாமல், கடைக்குப் போய்வருவதுபோலச் சொன்னாள். "அண்ணை டிக்கெட் எடுத்துத் தாறன் எண்டவர். பனி விட்டால் நான் போறன்."

"ஓம்," என்றேன். வேறென்ன வரும் எனக்கு?

எங்கள் குசினியில் மாப் பிசைபவன் டீனோ. மலைக்குத் தெற்கே லோகார்னோக்காரன். எனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில் விஷயத்தைச் சொன்னேன். "இந்தக் குளிரில் என்னையும் கட்டிப் போட்டால் ஓடிப்போவேன். அவளை எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ, சாப்பிட வை, பிறகு பேசு," என்றான். மாத் தூவிய மேசையில் விரலால் பழைய நகரத்தைக் கீறிக் காட்டினான். இது சதுக்கம். இது மேலே ஏறும் ஒழுங்கை. இங்கே ஆட்டுப்பால் சீஸ். இந்த மூலையில் அவன் அக்கா ரோசாவின் சாப்பாட்டுக் கடை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே செஃப் வந்து நகரத்தின்மேல் ஒரு மா உருண்டையைப் போட்டார். நல்ல காலம், எனக்கு மனதில் பதிந்துவிட்டது.

சீசன் முடிந்து ஹோட்டல் பூட்டியதும் போனோம். மலையிறங்கும் ரயில், பிறகு மஞ்சள் பஸ். பஸ் சுரங்கத்துக்குள் நுழையும்போது வெளியே பனி. மறுபக்கம் இறங்க இறங்கப் பச்சை. வதனி மேலங்கியைக் கழற்றி மடியில் வைத்தாள். லோகார்னோவில் ஏரிக்கரையில் மரங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது பனையோ?"

"ஓம்... பனை மாதிரி."

"பஞ்சத்தில அடிபட்ட பனை."

அவள் பகிடி விட்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை. சிரிக்க வேண்டும் என்று யோசிப்பதற்குள் சிரிக்கும் நேரம் போய்விட்டது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது, ஒழுங்கையில் ஏறி, கடைவாசலில் தொங்கிய பன்றி இறைச்சிக் கோவைகளைக் கண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வதனி வெள்ளியில் மரக்கறி மட்டும். "இஞ்சருங்கோ, ஊர் சுத்த நல்ல நாள் பாத்தியள்," என்று சால்வையால் மூக்கைப் பொத்தினாள். டீனோ கீறியதில் பாதிக் கடை அத்தோடு போயிற்று. ஆட்டுப்பால் சீஸ் மிஞ்சியது. அதை எண்ணெயும் மிளகும் விட்டுத் தந்தார்கள். "பரவாயில்லை," என்றாள். எனக்கு அது பெரிய சான்றிதழ்.

ரோசாவின் கடை ஒரு சின்ன முற்றம். கல் மேசை, மேலே அப்போதுதான் துளிர்க்கும் முந்திரிகை, அதாவது திராட்சைக் கொடி. டீனோவின் பெயரைச் சொல்லி, இறைச்சி வேண்டாம் என்று கையைக் கையை ஆட்டினேன். எனக்கு வைன், அவளுக்குச் சோடா என்றும் கேட்டேன். அங்கே வழக்கம் வேறு. ரோசா இரண்டு மண் கிண்ணங்களை வைத்து, இரண்டிலும் பாதி சிவப்பு வைன் ஊற்றி, சோடாவை 'டொப்' என்று திறந்து நிரப்பினாள். நான் வாயைத் திறப்பதற்குள் வதனி அரைக் கிண்ணம் குடித்துவிட்டாள்.

"என்ன இது?"

"முந்திரிகைப்பழச் சர்பத்."

என்னையே பார்த்தாள். "உங்கட சர்பத் கள்ளுத் தவறணை மணம் மணக்குது." மிச்சத்தையும் குடித்தாள். "வைச்சால் அந்த மனுசி கவலைப்படும்."

சோளமாக் களி ஆவி பறக்க வந்தது. ஒரு வாய் வைத்ததும் கைப்பையில் இருந்து தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலை எடுத்தாள். எனக்கு மேசைக்கடியில் போய்விடலாம் போல இருந்தது. ரோசா அதைக் கண்டுவிட்டாள். வந்தாள், விரலால் தொட்டு நக்கினாள், கண்ணில் தண்ணீர் வந்தது. போய்விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். பாண் துண்டோடு திரும்பி வந்து எங்கள் வாங்குப் பலகையிலேயே அமர்ந்தாள்.

தன் நெஞ்சைத் தொட்டு, "ரோசா," என்று சொல்லிவிட்டு வதனியைக் காட்டினாள்.

"வதனி."

"வதானி!"

இந்த நாட்டில் அதுவரை அவள் பெயரைக் கேட்டவர்கள் எல்லாம் எழுத்துக்கூட்டச் சொன்னவர்கள். ரோசா கூப்பிடுவதற்குக் கேட்டாள். பிறகு அவள் இத்தாலியனிலும் இவள் தமிழிலும் உப்பு, வெயில், தேசிக்காய் என்று கதைத்தார்கள். மாதக்கணக்கில் என்னோடு கதைக்காததெல்லாம் அங்கே கொட்டியது. நான் ரோசா கடைசியாகக் கொண்டுவந்து வைத்த பாண் கேக்கைத் தின்றுகொண்டிருந்தேன். அதில் முட்டை உண்டோ என்று வேண்டுமென்றே கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் வதனி சொன்னாள். "அடுத்த முறை பெரிய போத்தலாக் கொண்டுபோவம். அது அந்த மனுசிக்குக் காணாது."

"ஓம்," என்றேன். சுரங்கம் வரும்வரை யோசித்துவிட்டு, "உமக்குச் சர்பத் பிடிச்சிருந்தால் வீட்டையும் ரெண்டு போத்தல் வாங்கி வைப்பம்," என்றேன். அதுவரை அவளிடம் நான் சொன்னதில் அதுதான் நீளமானது. அவள் சிரித்த சத்தத்தில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

போன வருடம் மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அந்த முற்றத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். கொடியை வெட்டிவிட்டார்கள். ரோசாவும் இல்லை, கல் மேசையும் இல்லை. நாங்கள் சூரிச்சுக்கு வந்த பிறகு டீனோ எங்கே போனான் என்றும் தெரியவில்லை.

சிவப்புப் பெட்டியும் இல்லை. அன்று திரும்பி வந்த கொஞ்ச நாளில் வாசலில் அதைக் காணவில்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

சூரிச், ஏப்ரல் 12, சனிக்கிழமை.