அம்மா போட்ட சடை

தேரடிக்குப் பக்கத்திலுள்ள ஓர் அழகு நிலையத்தின் மாடியில் தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டு, நெடுஞ்சாலையில் தெற்கே பார்த்து நடந்துகொண்டிருக்கிறேன். காலிக் கேனைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் நடையும் இல்லை. அங்கே நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முடியில் வெள்ளைப் பசையைத் தடவி, சூடான இடுக்கியால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். புகை வந்தது. கூடவே அந்த வாடையும் வந்தது.

கெட்டுப்போன முட்டையைப் பினாயிலில் வேகவைத்தது போன்ற வாடை. எண்ணூர்க்காரனுக்கு நாற்றம் ஒன்றும் புதிதில்லை. காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். கருவாடு என்றால் கிழக்கு, கந்தகம் என்றால் மேற்கு. கருகின முடியின் வாடைக்கு மட்டும் திசை கிடையாது. அது நேராகத் தலைக்குள் போய், கொருக்குப்பேட்டையில் அண்ணாச்சியின் முடிக் கிடங்கைத் திறந்து வைத்துவிடுகிறது.

முடிக் கிடங்கு என்றால் முடிதான். ஊரெல்லாம் கோவில்களில் போடுகிற மொட்டையெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சேரும். பிரிக்கிறபோது மஞ்சள், சந்தனம், யார் யாரோ தடவிய தேங்காய் எண்ணெய் எல்லாம் கலந்து மூக்கில் ஏறும். அலசி, மாடியில் காயவைத்து, ஆணிகள் பதித்த பலகையில் அடித்துச் சிக்கெடுத்து, வேர் ஒரு பக்கமும் நுனி ஒரு பக்கமுமாகக் கட்டிக் கப்பலேற்றுவார்கள். மூட்டை தூக்குவது என் வேலை. அதற்கு முன்னால் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் என்ன செய்தேன் என்பது எனக்கே சரியாக ஞாபகமில்லை.

அங்கே முடிக்கும் சாதி உண்டு. நீளமான நேர் முடி மரியாதையாக அலமாரிக்குப் போகும். சுருட்டை முடி கழிவு மூட்டைக்குப் போகும். அந்தக் கழிவு மூட்டையைக் கிளறி, தேறுகிறதைப் பொறுக்குகிற வேலை தேசம்மாவுடையது. காத்திவாக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பெண். அவளுடைய முடியும் நெருக்கமான சுருட்டை. வாரினால் அடங்காது, அடக்கினால் சீப்பு உடையும். பிரிக்கிற பெண்களுக்குத் தலைமையாக இருந்த கன்னியம்மா அக்கா, "நீ அங்கியே குந்துமே. கீய வுயுந்தா அது உன்னுதா மூட்டயோடதான்னு எவனுக்கும் தெரியாது" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். தேசம்மாவும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக.

ஒரு வாரம் மட்டும் அவளுக்குச் சிரிப்பே வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிற குமாரைக் கட்டிக்கொள்ள அவளுக்கு ஆசை. அவள் தலையைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஒரே ஆள் அவன்தான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "உன் மூஞ்சியத் தாண்டி நான் இன்னும் மேல போவலயே" என்றானாம். ஆனால் அவனுடைய அம்மா அஞ்சலை பெண் பார்க்க வந்தபோது மேலேதான் முதலில் பார்த்தார். ஆசையாக ஒரு முழம் மல்லிகையை எடுத்துத் தேசம்மா தலையில் செருகினார். பூ ஒரு கணம் யோசித்தது. பிறகு துள்ளிக் குதித்து, அஞ்சலைக்கு வைத்திருந்த காபியில் விழுந்தது.

"பூ நிக்காத தலைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஞாயித்துக்கெயம பூ வைக்க வருவோம். அதுக்குள்ள பார்லருக்குப் போயி நேராக்கிக்கினு வரச் சொல்லு. இல்லாங்காட்டி வேற எடம் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குமார் கடலில் சூறைக்காற்றுக்குப் பயப்படாதவன். அம்மாவுக்கு முன்னால் அவனுக்கு வாயே கிடையாது.

தேசம்மாவின் அக்கா கல்யாணத்துக்காக இப்படித்தான் நேராக்கிக்கொண்டாள். சில மாதங்களில் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. இன்றைக்கும் சவுரி இல்லாமல் வாசலுக்கு வரமாட்டாள். முடியைக் காப்பாற்றினால் குமார் போய்விடுவான், குமாரைக் காப்பாற்றினால் முடி போய்விடும். அந்த வாரம் முழுக்கத் தேசம்மா கழிவு மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, யாரோ முகம் தெரியாதவர்களின் சுருட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அமெரிக்காவிலிருந்து முடி வாங்கும் ஆள் வருகிறார் என்று அண்ணாச்சி காலையிலேயே பரபரப்பாகிவிட்டார். தெற்கத்திக்காரர். பரபரப்பு வந்தால் ஊர்ப் பேச்சும் வந்துவிடும்.

"ஏலே, நீ ஆர்பர்ல இருந்தவம்லா. இங்கிலீசு தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி" என்றேன். பொய்யில்லை. பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதெல்லாம் எனக்குப் படிக்க வரும். கப்பல்காரர்களோடு சண்டை போடவும் வரும். இவை இரண்டுக்கும் நடுவில் உள்ள இங்கிலீஷ்தான் வராது.

வந்து இறங்கியது ஒரு பெண். டெனிஸ் என்று பெயர். எங்களைவிட ஒரு பிடி கூடுதல் கறுப்பு. காதில் வளையல் அளவுக்குத் தொங்கட்டான். தலையில் மட்டும், மொட்டை போட்டு ஒரு மாதமான குழந்தைக்கு இருப்பதுபோல ஒட்ட வெட்டிய முடி. அங்கே கறுப்புப் பெண்களுக்கென்று சொந்தமாக அழகு நிலையம் வைத்திருக்கிறாராம். முடி வாங்க வந்தவரின் தலையில் முடி இல்லை என்று நான் திகைத்து நின்றபோது, கன்னியம்மா அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பாவம், மொட்ட போட்டுக்கினு வந்துகீது. எந்தக் கோவில்னு கேளு நைனா."

"மேடம், விச் டெம்பிள்?" என்றேன்.

அவர் கிடங்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, இது கோவிலா என்று கேட்டார்.

நான் பதில் தேடுவதற்குள் கன்னியம்மா, "சந்தனம் தடவலியா? சூடு புட்ச்சிக்கும்" என்று சொல்லிக்கொண்டே, நாமெல்லாம் மொட்டைத் தலையைக் கண்டால் செய்வதுபோல உள்ளங்கையை வைத்து ஒரு சுற்றுத் தடவினாள். டெனிஸ் சட்டென்று பின்னால் நகர்ந்தார். "நோ" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஆணிப் பலகைகளெல்லாம் நின்றுவிட்டன.

மூலையிலிருந்து தேசம்மா குரல் கொடுத்தாள். "கைய எடுக்கா. கேக்காம இன்னாத்துக்குத் தொடற? என் தலயும் இப்டித்தான் ஆளாளுக்கு அமுக்கிப் பாத்துக்கினு கீறீங்க. இன்னா, பஞ்சு மெத்தயா இது?"

அவள் என்ன சொல்கிறாள் என்று டெனிஸ் என்னைப் பார்த்தார். "ஷீ டெல்லிங், ஹெர் ஹெட் ஆல்சோ பப்ளிக் பிராப்பர்ட்டி" என்றேன். அந்த அம்மா சிரித்தார் பாருங்கள், சிரிப்பில் தொங்கட்டான் இரண்டும் கன்னத்தில் அடித்தன.

பிறகு அவரே முடிக் கதையைச் சொன்னார். எனக்குப் புரிந்தது பாதி, ஊகித்தது பாதி. சின்ன வயதில் அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, இரும்புச் சீப்பைச் சூடு பண்ணி, அவருடைய அம்மா முடியை இழுத்து நேராக்குவாராம். சுட்டுவிடாமல் காதை மடக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நேராக்காமல் போனால் சர்ச்சில் முணுமுணுப்பார்கள், வேலை கேட்டுப் போன இடத்தில் தலையை வாரிக்கொண்டு வா என்பார்கள். வாரிக்கொண்டுதான் போயிருப்பார். வளர்ந்த பிறகு நேராக்குகிற களிம்பு, அதற்கும் பிறகு அடுத்தவர் முடியை வாங்கித் தைத்துக்கொள்வது. ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட்டார்.

"எதுக்காம்?" என்றாள் கன்னியம்மா.

"தானா இன்னா மொளைக்குதுன்னு பாக்கறதுக்காம்."

"அது இல்லடா. யாருக்கு வேண்டிக்கினு?"

கேட்டேன். டெனிஸ் கட்டைவிரலால் தன் நெஞ்சைக் காட்டினார்.

"தனக்கேதானாம் அக்கா."

கன்னியம்மா கையிலிருந்த முடிக் கற்றையைக் கீழே வைத்தாள். "அப்டி வேண்டிக்கலாம்னு எவ சொல்லிக் குட்த்தா நமக்கு? புருசனுக்கு ஒரு மொட்ட, புள்ளைக்கு ஒரு மொட்ட. மாமியா கால் வீக்கத்துக்குக்கூட ஒண்ணு போட்டேன். வீக்கம் எறங்கல" என்றாள்.

அண்ணாச்சி அலமாரியிலிருந்து நேர் முடியைப் பட்டுப்புடவை விரிப்பதுபோல விரித்துக் காட்டினார். டெனிஸ் பார்த்தார், தலையாட்டினார், நேராகக் கழிவு மூட்டைக்குப் போய் மண்டியிட்டார். ஒரு பிடி சுருட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இதுதான் வேண்டும் என்றார். தங்கள் முடியைப் போலவே இருக்கிற முடியைத்தான் இப்போது பலர் கேட்கிறார்களாம்.

"மேடம், அது வேஸ்ட்டு" என்றார் அண்ணாச்சி. டெனிஸ் விளையாடவில்லை என்று தெரிந்ததும் தேசம்மா பக்கம் திரும்பினார். அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவள் தலையை நின்று பார்த்தார். "ஏ தாயி, கொஞ்சம் நெழல்ல தள்ளி உக்காரு" என்றார்.

தேசம்மாவுக்குச் சரக்கைப் பற்றிக் கவலையில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. "அந்தக் களிம்பு நல்லதான்னு கேளு மாமு" என்றாள். காபியில் விழுந்த மல்லிகையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த துறைமுக இங்கிலீஷில் சொன்னேன். டெனிஸ் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. காதை மடக்கிக் காட்டினார். பின்னால் ஒரு பழைய சூட்டுத் தழும்பு. பிறகு தேசம்மாவைப் பார்த்து என்னவோ கேட்டார்.

"உன் தலயத் தொடலாமான்னு கேக்கறாங்க."

தேசம்மாவின் கண் கலங்கிவிட்டது. "கேட்டுக்கினு தொடறாங்களே. தொடட்டும்."

நாங்களெல்லாம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தோம். டெனிஸ் இரண்டு இழையாகப் பிரித்து ஒன்றோடொன்று முறுக்கினார். மெல்லிய கயிறு கயிறாகத் தலை முழுக்கச் சடை. சீப்பே தேவைப்படவில்லை. முடிந்ததும் கன்னியம்மா தன் தலையிலிருந்த பூவை எடுத்து அந்த முறுக்குகளுக்கு நடுவே செருகினாள். தேசம்மா தலையை இப்படியும் அப்படியும் உதறினாள். பூ அசையவில்லை. டெனிஸ் அன்று மாலையே விமானம் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காத்திவாக்கத்தில், கூட வேலை செய்கிறவன் என்ற முறையில் நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அஞ்சலை தாம்பாளத்தோடு வாசல் ஏறினார். தேசம்மாவைப் பார்த்ததும் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றார்.

"இன்னாமே இது, சடையா?"

"ஆமா அத்த. சடதான்."

"எப்போ?"

"நேத்து. மத்தியானம்."

"ஒரே நாள்லயா?" அஞ்சலையின் குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் நாற்காலியோடு நின்ற என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியாபா?"

"பாத்தேம்மா. எங்க கண்ணு முன்னாடிதான். அம்மா வந்தாங்க."

"வந்தாங்களா?"

"வந்தாங்க. கடல் தாண்டி வந்தவங்க. நல்ல கறுப்பு. மொதல்ல கேக்காம தொட்டுட்டாங்கன்னு கோவம். அப்பறம் ஒரே சிரிப்பு. எல்லாரையும் வுட்டுட்டு தேசம்மாவத்தான் குந்த வெச்சி, அவங்க கையாலயே போட்டாங்க."

"அப்பறம்?"

"அன்னிக்கே போயிட்டாங்க."

தாம்பாளத்தில் வெற்றிலை நடுங்கியபோதுதான், நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. விமானம் என்கிற வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். தேசம்மா ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, போட்ட நாற்காலியையே மறுபடி மடக்கி மறுபடி போட்டேன்.

அஞ்சலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா எறங்கின தலமே இது. இத்தப் போயி நேராக்கு கீராக்குன்னு எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, அவ்ளோதான்" என்று, அதைச் சொன்னவர் தானே என்பதை மறந்து, வந்திருந்த எல்லாரையும் மிரட்டினார். அவரே மல்லிகையை எடுத்து வைத்தார். பூ நின்றது. குமார் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, முதல் தடவையாக அவள் முகத்தைத் தாண்டி மேலே பார்த்தான்.

சாயங்காலத்துக்குள் குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தேசம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இத்தினி நாளும் தலயத் தொட்டாங்க. இப்போ காலத் தொடறாங்க. எதுனா ஒண்ணத் தொடாம இருக்கவே மாட்டாங்களா மாமு?"

கல்யாணமாகிச் சில மாதங்களில் அம்மா மலையேறிவிட்டதாக மாமியாரிடம் சொல்லி, அவள் சடைகளை அவிழ்த்துவிட்டாள். அதற்குள் அஞ்சலைக்கு மருமகள் சுருட்டை பழகிவிட்டது. வேறு யாராவது ஏதாவது சொன்னால் சண்டைக்குப் போவார் என்று கேள்வி. இன்று கிடங்கு இல்லை. அந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அண்ணாச்சி ஊரோடு போய்விட்டார். கன்னியம்மா அக்கா தனக்கென்று வேண்டிக்கொண்டு ஒரு மொட்டை போட்டாள். எதற்கு என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. காத்திவாக்கத்துத் தெருக்களில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நின்று பார்த்தால், எல்லாத் தலையும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கிறது. கடற்காற்று அடித்தால் எல்லாம் ஒரே பக்கமாகப் பறக்கிறது. சீப்பை உடைக்கிற ஒரு தலையை அங்கே பார்த்து எவ்வளவோ காலமாகிறது.

பூ வைத்த மறுநாள், அந்தத் திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குத்தான் கிளம்பினேன். தேசம்மா வீட்டுத் தெருமுனையைத் தாண்டும்போது பார்த்தால், வீட்டு வாசலிலிருந்து அடிபம்புவரைக்கும் பெண்கள் வரிசை. வெறுங்கையோடு வந்துவிட்டோமே என்று ஒருத்திக்கொருத்தி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கொருக்குப்பேட்டை பஸ் வந்தது, நின்றது, போயிற்று. நான் மார்க்கெட் பக்கம் திரும்பி நடந்து, ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடு வந்து தெருமுனையில் உட்கார்ந்தேன்.