பிரியாணிக்குக் காவல் நின்றவர்

மதுகிரிக் கோட்டை பல கை மாறியது. பாளையக்காரர்கள் ஆண்டார்கள், மைசூர்க்காரர்கள் பிடித்தார்கள், மராத்தியர்கள் பறித்தார்கள், கடைசியில் வெள்ளைக்காரன் வந்தான். ஆனால் அதே மலையடிவாரத்தில், வேனின் பின்சீட்டில் இருந்த பிரியாணி டெக்சா ஒருமுறைகூடக் குரங்குகளிடம் வீழ்ந்ததில்லை. சரித்திர ஆசிரியர்கள் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். அந்தக் குறை இங்கே தீர்க்கப்படுகிறது.

டெக்சாவைக் காத்தவர் பெங்களூரு காக்ஸ் டவுனைச் சேர்ந்த டிரேவர். பள்ளி ஒன்றில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளர். ஆசிட் பாட்டில்களைப் பத்தாம் வகுப்பிடமிருந்து காத்துப் பழகியவருக்குக் குரங்கு ஒரு பொருட்டல்ல. ஒவ்வொரு ஜனவரியிலும் அவருடைய சர்ச்சிலிருந்து பிக்னிக் கிளம்பும். எங்கே போவதென்று கமிட்டி மாதக்கணக்கில் விவாதித்து, எல்லோருடைய கருத்தையும் கேட்டு, மதுகிரிக்கே போகும். சபை முழுவதும் மலையேறும். டிரேவர் மட்டும் குச்சியும் கையுமாக வேன் படியில் உட்கார்ந்திருப்பார். உச்சியில் எடுத்த குரூப் போட்டோ எதிலும் அவர் கிடையாது. "பாவம், நமக்காகத் தியாகம் பண்றாரு" என்று எல்லோரும் வருந்துவார்கள். வருந்திக்கொண்டே அவர் தட்டில் ஒரு லெக் பீஸைக் கூடுதலாக வைப்பார்கள்.

உண்மை அவர் மனைவி யூனிஸுக்கு மட்டும்தான் தெரியும். டிரேவருக்கு உயரம் என்றால் நடுக்கம். டிசம்பரில் வாசலில் நட்சத்திரம் கட்டுவது யூனிஸ்தான். டிரேவர் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். ஏறி நிற்பவள் நடுங்க மாட்டாள், ஸ்டூல் நடுங்கும்.

இந்த வருடம் கமிட்டிச் செயலாளராக வந்தவள் சிந்தியா. ஐ.டி.யில் வேலை, எதையும் எளிமையாக்கிவிடும் குணம்.

"அங்கிள், குட் நியூஸ். டெக்சா கேன்சல். அங்கயே ஓட்டல்ல லஞ்ச் சொல்லிட்டேன். இந்த வாட்டி நீங்களும் மேல வர்றீங்க."

"அப்போ வேனை யாரும்மா பாத்துக்கறது?"

"வேனுக்கு லாக் இருக்கு அங்கிள்."

உடனே டிரேவருக்கு முழங்கால் வலி வந்தது. மறுநாள் அது இடுப்புக்கு மாறியது. கிளம்பும் அன்று நம்பிக்கையோடு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார், அதுவும் கைவிட்டது.

"எல்லார் எதிர்லயும் கால் உதறும் யூனிஸ். அப்புறம் எவன் என்னை மதிப்பான்?"

"வாங்க, பாத்துக்கலாம்."

மலையடியில் யூனிஸ் பையிலிருந்து ப்ளம் கேக் டப்பாவை எடுத்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "ஏங்க, இது உச்சியில வெட்டறதுக்கு. கொரங்கு புடுங்காம நீங்கதான் கொண்டாரணும்."

பதவி திரும்பக் கிடைத்த தளபதி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு முதல் வாசலைத் தாண்டினார். இரண்டாவதையும் தாண்டினார். அதற்கு மேல் வெறும் பாறை. பாதி பாதம்தான் பதியும் படிகள். அங்கே அவர் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தார். கீழே பார்த்தார். ஊர் தீப்பெட்டி தீப்பெட்டியாகக் கிடந்தது.

"அங்கிள், ஏன் நின்னுட்டீங்க?" என்றாள் பின்னால் வந்த சிந்தியா.

வருடா வருடம் முதல் ஆளாக உச்சியைத் தொடும் யூனிஸ், பொத்தென்று படியில் உட்கார்ந்தாள். "எனக்கு மூச்சு வாங்குதும்மா. நீங்க போங்க. இவர் என்கூட இருக்கட்டும்."

சபை ஏறிப்போனது. டிரேவர் மெல்ல உட்கார்ந்து, ஒரு கையால் டப்பாவையும் மறுகையால் அவள் கையையும் பிடித்தார். காற்று அடித்தது. ஒரு கை போதவில்லை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஸ்டூலைப் புடிக்கற மாதிரியே புடிக்கறீங்க."

"ஸ்டூல் பேசாது."

எதிரி அப்போதுதான் வந்தான். சத்தம் கேட்டு டிரேவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். ஒரு கிழட்டுக் குரங்கு டப்பாவைக் கையில் எடுத்து எடை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கையை வீசி அதட்டினால் ஓடிவிடும். அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டிரேவர் கையை எடுக்கவில்லை. குரங்கு அவசரமே இல்லாமல் டப்பாவோடு மதில் ஏறிப் போனது.

சபை இறங்கி வந்தது. "மேல போனப்புறம்தான் கேக் ஞாபகம் வந்துச்சு அங்கிள். இங்கயே வெட்டிடலாமா?" என்றாள் சிந்தியா.

யூனிஸ் முந்திக்கொண்டாள். "நான்தான் கொஞ்சம் கண்ணசந்து..."

"இல்லம்மா," என்றார் டிரேவர். "கொரங்கு எடுத்துட்டுப் போச்சு. எனக்கு உயரம்னா பயம். இவ கையை விட முடியல."

யாரும் சிரிக்கவில்லை. கமிட்டி உறுப்பினர் ஒருவர், தனக்கும் வருடா வருடம் தலை சுற்றுவதாகவும் மரியாதைக்காகவே ஏறி வருவதாகவும் தெரிவித்தார்.

சிந்தியா போனை எடுத்தாள். "குரூப் போட்டோ இங்கயே எடுத்துடலாமா அங்கிள்?"

"எடும்மா. எந்திரிக்க மட்டும் சொல்லாத."