யன்னல்களைச் சாத்திய மச்சாள்

சிகிச்சை நிலையத்தில் மகளுக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு அக்காவின் அழைப்பு வந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்த மச்சாள், நெஞ்சைப் பிடித்தபடி கீழே குந்தியவர் பிறகு எழும்பவேயில்லையாம். அதே நேரம் தாதி, போன முறையைவிடப் பிள்ளைக்கு நிறை குறைந்திருக்கிறது என்று சிரித்தபடி சொன்னார். மகள் துள்ளினாள். "இதை மாமியிட்டை நான்தான் சொல்லுவன். நீங்கள் சொல்லக்கூடாது," என்றாள். நான் எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

மச்சாள் என் கணவரின் தமக்கையார், மகளுக்கு மாமி. கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனபின், வங்கியில் வேலை பார்க்கும் நான் கைக்குழந்தையோடு தடுமாறுவதைக் கண்டு, உடுவிலில் எங்கள் வீட்டுக்கு ஒரு பையோடு வந்து சேர்ந்தவர். கலியாணம் செய்யாதவர். குரல் பெரிது. அவர் மீன்காரனோடு பேரம் பேசினால் ஒழுங்கை முழுக்க விலை தெரிந்துவிடும்.

மகளுக்கு மூன்று வயதில் முதல் மூச்சிழுப்பு வந்தது. அன்றிலிருந்து மச்சாள் வேறு ஆள். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அவருடைய கடைசித் தம்பி இழுப்பு வந்து, வாகனம் கிடைக்காமல், அவர் மடியிலேயே போனவன். அந்தப் பயத்தில் எங்கள் வீட்டு யன்னல்கள் சாத்தப்பட்டன. தலை முழுகிய ஈரம் நெஞ்சில் இறங்கிவிடும் என்று, சிரட்டைக் கரியில் சாம்பிராணி போட்டு, அந்தப் புகையில் பிள்ளையின் தலைமயிரை உலர்த்துவார். மூச்சு வாங்கும் என்று ஓடி விளையாட விடமாட்டார். உடம்பு தேறவேண்டுமென்று உழுத்தங்களி, நல்லெண்ணெயில் பொரித்த முட்டை, போதாததற்குப் பால்மா. வருகிற சனமெல்லாம் பிள்ளை நன்றாகத் தேறியிருக்கிறாள் என்று சொல்லச்சொல்ல அவருக்கு முகம் மலரும். எனக்கும்தான்.

பிறகு ஒருநாள் வைத்தியர் மருந்துப் பேச்சை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிக் கேட்டார். யார் சமைப்பது, என்ன புகை, யன்னல் திறப்பீர்களா, பிள்ளை எங்கே விளையாடுவாள். புகை இழுப்பைக் கூட்டும், இழுப்புக்குப் பயந்து ஓடாமலிருந்தால் நிறை ஏறும், நிறை ஏறினால் மூச்சு இன்னும் சிரமப்படும் என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்புவித்தேன். மச்சாள் களி கிண்டிக்கொண்டிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நான்தானே பிள்ளையைக் கெடுத்தனான்?"

இல்லை என்றேன். ஓம் என்று சொல்லியிருந்தாலும் அது பாதி உண்மைதான். பகல் முழுக்க நான் வீட்டில் இல்லை. கணவர் நாட்டிலேயே இல்லை. மாரி வந்தால் அறைச் சுவர் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கிறது. இதையெல்லாம் யார் தலையில் கட்டுவது? அன்பு காட்டியதற்காக ஒருவரோடு கோபிக்கலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் கோபம் வந்தது. அதுவும் உண்மை.

மச்சாள் என்னைப்போலக் குழம்பிக்கொண்டு இருக்கவில்லை. அடுத்த நாளே குசினியில் இருந்த விறகடுப்பை வெளியே வளவின் கோடிப்பக்கம் கொண்டுபோய் வைத்தார், யன்னல்களைத் திறந்தார். பின்னேரங்களில் மகளைக் கூட்டிக்கொண்டு மருதனார்மடம் வரைக்கும் நடந்தார், தாமும் மூச்சிரைத்தபடி. அப்படியிருந்தும் மாசிப் பனியில் ஒருநாள் பிள்ளைக்கு இழுத்தது.

"டொக்டர் சொன்னதெல்லாம் செய்தனாங்கள்தானே. இப்ப ஏன் இழுக்குது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கென்ன தெரியும். வாயில் வைத்து மருந்தடிக்கும் பம்ப்பை எடுத்து அடித்துவிட்டோம், சரிவந்தது. மறுநாள் இருவரும் மறுபடி நடக்கப் போனார்கள்.

செத்தவீட்டன்று பிரேதத்தைத் தூக்கியபோது, பெண்கள் நாங்கள் வழக்கப்படி வாசற் படலையோடு நின்றுவிட்டோம். மகள் நிற்கவில்லை. என் கையை உதறிக்கொண்டு ஒழுங்கையில் ஓடினாள். பிரேத வண்டி திரும்பி மறைகிற முடக்கு வரைக்கும் நிற்காமல் ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் கண்டதேயில்லை. பம்ப்பைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். முடக்கில் குந்தியிருந்தாள். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. இழுப்பா அழுகையா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. நடுத்தெருவிலேயே முழந்தாளிட்டு, அவள் முதுகில் காதை வைத்தேன்.

மச்சாள், பிள்ளைக்கு இழுக்கவில்லை. அழுகை மட்டும்தான். நீங்கள் பயப்படாமல் போங்கோ.